மழைநீரும் வட்டிப்பணமும் காத்த மலைப்பள்ளி

ஜூலை, ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மும்பையின் போரிவலி தேசியப் பூங்காவின் வாயிலில் நின்றால் தமிழ் காதில் விழாமல் போகாது. தாராவியில் குடியிருப்பவர்கள் மாஹிமில் ஸ்லோ ரயில் ஏறியும், மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்தினர் தாதரில் வண்டி மாறியும் வந்து சேர்கிறார்கள். அங்கிருந்து பூங்காவுக்குள் சில கிலோமீட்டர் போனால், பௌத்தத் துறவிகளுக்காகப் பாறையில் குடைந்த பழைய குகைகள் நிறைந்த கன்ஹேரி மலை. பெரும்பாலோர் போவது மழைக்காகத்தான். பாறைச் சரிவில் இறங்கும் தண்ணீரில் பிள்ளைகளை நனையவிட்டு, சுட்ட சோளம் தின்று, நேரமிருந்தால் குகைகளையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்களுக்கு இது சற்று எரிச்சலூட்டலாம். ஆனால் தண்ணீரிலிருந்து தொடங்குவதுதான் இந்த இடத்தைப் புரிந்துகொள்ளச் சரியான வழி.

பிள்ளைகள் கால் நனைக்கும் அந்த ஓட்டத்தைக் கூர்ந்து கவனித்தால், தண்ணீர் தன் போக்கில் இறங்கவில்லை என்பது தெரியும். குடைவின் நெற்றிக்கு மேலே பாறையில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கிறது. மேலிருந்து வழியும் நீர் வாசலில் கொட்டாதபடி அது பக்கவாட்டில் திருப்பிக் கொண்டுபோகிறது; திருப்பிய நீரைத் திண்ணையின் ஓரத்தில் உள்ள ஒரு சதுர வாய்க்குள் இறக்குகிறது. அந்த வாய்தான் தொட்டி. மேலே ஆள் குனிந்து குடம் முக்கும் அளவுக்கே திறப்பு. உள்ளே பாறை அறைபோலக் குடையப்பட்டிருக்கும். வெயில் படாததால் நீர் வற்றுவது குறைவு. மூடி போட்டால் சருகும் விழாது. ஏறத்தாழ ஒவ்வொரு குடைவுக்கும் அருகில் இப்படி ஒரு தொட்டி உண்டு. ஆகவே இவை தவம் செய்யப் போன யாரோ ஒண்டிக்கொண்ட குகைகள் அல்ல. குடிநீர் இணைப்போடு திட்டமிட்டுக் கட்டிய வீடுகள். கட்டுவதற்குப் பதிலாகக் குடைந்திருக்கிறார்கள், அவ்வளவே.

அந்தக் காலத்துக் கல்வெட்டுகளும் இவற்றைக் குகை என்று சொல்லவில்லை. பிராகிருதத்தில் 'லேண' என்கின்றன. மராத்தியர் இன்றும் 'லேணி' என்றே சொல்கிறார்கள். தொட்டிக்கு 'பாநீய போடி' என்று பெயர். மலைக்குக் கண்ஹகிரி, கண்ஹசேலம், அதாவது கருமலை. வடமொழியில் கிருஷ்ணகிரி என்று எழுதிய பெயர்தான் பேச்சில் தேய்ந்து கன்ஹேரி ஆயிற்று. கி.பி. முதலாம் நூற்றாண்டையொட்டித் தொடங்கி பத்தாம் நூற்றாண்டு வரை இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட குடைவுகள் உண்டாகியிருக்கின்றன. அஜந்தாவின் ஓவியமோ எல்லோராவின் பிரம்மாண்டமோ இங்கே இல்லை என்று ஏமாற்றத்தோடு திரும்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். கன்ஹேரியின் பெருமை அழகில் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆள் குடியிருந்த இடம் இது என்பதில் இருக்கிறது. எல்லோராவில் பௌத்தர் குடைந்தது இரண்டொரு நூற்றாண்டுக்குள் முடிந்துவிட்டது.

தமிழ் வாசகருக்கு இதன் அடிப்படை அமைப்பு புதிதல்ல. மதுரையைச் சுற்றியுள்ள மாங்குளம், அழகர்மலை போன்ற குன்றுகளில் சமணத் துறவிகளுக்கு வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகளைப் பார்த்தவர்களுக்கு, அவற்றின் மேலே பாறை நெற்றியில் நீர் வழிந்து உள்ளே வராதபடி செதுக்கிய விளிம்பு நினைவிருக்கும். கன்ஹேரியின் சிறிய லேணியிலும் அதே கற்படுக்கைதான் சுவரோடு சேர்ந்து நீளுகிறது. நம் ஊரில் இயற்கையான பாறைப் பொதும்பில் படுக்கையை மட்டும் வெட்டினார்கள். இங்கே படுக்கையோடு அறையும், முன்திண்ணையும், படிக்கட்டும், தொட்டியும் சேர்த்தே குடைந்தார்கள். பிற்கால மக்கள் இவற்றின் வரலாற்றை மறந்த விதம்கூட ஒன்றுபோலவே இருக்கிறது. தமிழகத்தில் இத்தகைய குன்றுகள் பஞ்சபாண்டவர் மலை ஆயின. நாசிக்கில் உள்ள பௌத்தக் குடைவுகள் பாண்டவலேணி ஆயின.

இவ்வளவு தொட்டிகள் ஏன் தேவைப்பட்டன? பௌத்தத் துறவி ஊர் ஊராகத் திரிய வேண்டியவர். மழைக்காலத்தின் மூன்று மாதங்கள் மட்டும் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது விதி. கொங்கணக் கரையில் அந்த விதிக்கு விளக்கமே வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழையில் காட்டுப்பாதையில் நடப்பவர் எவரும் தங்க இடம் தேடத்தான் செய்வார். ஆனால் தங்குவது மழைக்காலத்துக்கு மட்டும் என்றால் தொட்டியே வேண்டாம்; கையை நீட்டினால் நீர். அக்டோபர் முதல் மே வரையிலான எட்டு மாதங்கள்தான் சிக்கல். மழை நின்ற சில வாரங்களில் கன்ஹேரியின் ஓடைகள் மெலிந்து, கோடையில் வெறும் கல்லாகிவிடும். ஆகவே தொட்டி வெட்டிய அன்றே, இங்கிருந்தவர்கள் மழை முடிந்தபின்னும் போவதாக இல்லை என்பது தீர்மானமாகிவிட்டது. ஓடையின் குறுக்கே அணை கட்டிய தடயமும் இருக்கிறது. மழைத்தங்கல் நிலையான பள்ளியாக, அதாவது துறவிமடமாக, மாறிய கதையை, எழுத்துச் சான்றைவிடத் தொட்டிகளே தெளிவாகச் சொல்கின்றன.

தொட்டியைத் தானமாகக் கொடுத்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். சாதவாகன அரசன் வாசிஷ்டிபுத்திர சாதகர்ணியின் பட்டத்தரசிக்காக அவளுடைய அமைச்சன் ஸதேரகன் இங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி வெட்டிக்கொடுத்திருக்கிறான். அரசி கார்த்தமக மரபில் பிறந்தவள், மகாக்ஷத்ரபன் (மேற்கு இந்தியாவை ஆண்ட சக அரசர்களின் பட்டம்) 'ரு...' என்பவனின் மகள் என்று சொல்லிவரும் இடத்தில் கல் சிதைந்துவிட்டது. அந்த 'ரு' ருத்ரதாமன் என்றே வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். குஜராத்தின் ஜூனாகத் பாறையில் கி.பி. 150-ஐ ஒட்டி ருத்ரதாமன் பொறித்த கல்வெட்டு, தட்சிணாபதத்தின் அரசன் சாதகர்ணியை இருமுறை வென்றும் உறவு நெருக்கத்தால் அவனை அழிக்காமல் விட்டதாகக் கூறுகிறது. என்ன உறவு என்று அங்கே சொல்லவில்லை. கன்ஹேரித் தொட்டி சொல்கிறது. இரு பேரரசுகளுக்கு இடையிலான திருமண உறவு வரலாற்றுக்குத் தெரியவந்தது ஒரு குடிநீர்த் தொட்டியால். ஜூனாகத் கல்வெட்டும் உடைந்துபோன சுதர்சன ஏரியின் கரையைச் சீர்செய்த செய்தியைப் பதியவே வெட்டப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

அரசகுலத்தவர் கொடை குறைவு. வணிகர், கைவினைஞர் கொடைதான் மிகுதி. கல்யாணின் கொல்லன் ஒருவன் மலையில் பாதை அமைத்துக் கொடுத்தான். செமுலா என்று கல்வெட்டுகள் சொல்லும் இன்றைய சௌல் துறைமுகத்தைச் சேர்ந்தவர்கள், சோபாராக்காரர்கள், பொற்கொல்லர், மணி வணிகர், வாசனைப்பொருள் வணிகர், பௌத்தத் துறவினிகள் எனப் பட்டியல் நீளுகிறது. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வாணிகனும் பணித (வெல்லப்பாகு) வாணிகனும் கொழு (ஏர்க்கொழு) வணிகனும் அறுவை (துணி) வணிகனும் வரிசையாக வருவதும், மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார் கொடுத்ததும் நினைவுக்கு வரும். நிகமம் என்ற அதே வணிகக்குழுச் சொல் இரு பக்கமும் வழங்கியிருக்கிறது. துறவிக்குச் சோறும் இடமும் கொடுத்தது அரண்மனையைவிடக் கடைத்தெருதான் என்பது இரு நாட்டுக்கும் பொருந்தும்.

ஆனால் தொட்டி வெட்டுவது ஒருமுறைச் செலவு. ஆண்டுதோறும் ஆடைக்கும் உணவுக்கும் பழுதுபார்ப்பதற்கும் பணம் வர வேண்டுமே. அதற்கு அவர்கள் கண்ட வழிக்கு 'அக்ஷயநீவி' என்று பெயர். குறையாத முதல் என்று பொருள். இதன் கணக்கைத் தெளிவாகக் காட்டுவது நாசிக் கல்வெட்டு. க்ஷத்ரப அரசன் நகபானனின் மருமகன் உஷவதாதன் 3,000 கார்ஷாபணம் (அக்காலக் காசு) வைத்தான். அதில் 2,000-ஐ ஒரு நெசவாளர் குழுவிடம் நூற்றுக்கு மாதம் ஒன்று என்றும், 1,000-ஐ இன்னொரு குழுவிடம் நூற்றுக்கு முக்கால் என்றும் வட்டிக்கு விட்டான். இன்றும் தமிழில் 'ஒரு ரூபாய் வட்டி', 'முக்கால் வட்டி' என்று சொல்வது இதே கணக்கைத்தான். 2,000-க்கு மாதம் 20, ஆண்டுக்கு 240 வரும். அதை மழைக்காலத்தில் தங்கும் 20 துறவிகளுக்கு ஆளுக்கு 12 கார்ஷாபணம் ஆடைச் செலவுக்கு என்று பிரித்திருக்கிறான். முதல் திரும்ப வாங்கத்தக்கதல்ல. வட்டி மட்டும் நிரந்தரமாக ஓடும். பற்றறுத்தவருக்கான ஆடை, நெசவாளர் தறியில் ஓடிய கடன்பணத்தின் வட்டியிலிருந்து வந்தது என்பதை இன்று படிக்கும்போது முரணாகத் தோன்றலாம். அந்தக் காலத்தவருக்கு அப்படித் தோன்றியதற்கான அறிகுறி இல்லை.

கன்ஹேரியிலும் இதே ஏற்பாடு உண்டு. சாதவாகன அரசன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் 16-ஆம் ஆட்சியாண்டில் கல்யாணைச் சேர்ந்த அபரேணு என்னும் உபாசகன் (இல்லறத்தில் இருந்த பௌத்தன்) ஒரு லேணியைக் கொடுத்ததோடு, சங்கத்திடம் 200 கார்ஷாபணமும், 'மங்கலதான' என்னும் ஊரில் ஒரு வயலும் விட்டான். அவற்றின் வருவாயிலிருந்து அங்கே தங்கும் துறவிக்கு ஆடையும் பருவகாலச் செலவும் கிடைக்க வேண்டும். மங்கலதான என்பது மலையடிவாரத்தில் உள்ள இன்றைய மாகாதாணே. மேற்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் 7-ஆம் எண் மெட்ரோவில் அந்தப் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. தினமும் அதில் இறங்கி அலுவலகம் போகிறவர்கள், 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய கல்வெட்டில் உள்ள ஊர்ப்பெயரைத்தான் ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். தமிழகத்தில் இத்தகைய நிலக்கொடைக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் ஊர் கொடுக்கப்பட்டதும் இந்த வகைதான். அங்கே ஊர் முழுவதும், இங்கே ஒரு வயல். வேறுபாடு கொடுத்தவரின் தரத்தில்தான்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் மலையை விட்டு இறங்க வேண்டும். கிரேக்கர்கள் எழுதி வைத்த சுப்பாரா, கல்லியேனா, செமுல்லா ஆகிய மூன்று துறைமுகங்களும், அதாவது சோபாராவும் கல்யாணும் சௌலும், கன்ஹேரியைச் சுற்றியே இருந்தன. இன்றைய நாலாசோபாரா, விரார் ரயிலில் நெரிசலுக்குப் பேர்போனது. அங்கே 'புரூட் ராஜாச்சே கோட்' என்று ஊர்க்காரர்கள் அழைத்த ஒரு மேட்டை 1882 ஏப்ரலில் தொல்லியல் அறிஞர் பகவான்லால் இந்திரஜி அகழ்ந்தார். செங்கல் ஸ்தூபம் வெளிப்பட்டது. அதன் நடுவில் ஒரு கற்பேழை. அதனுள் செம்பு, வெள்ளி, கல், பளிங்கு, பொன் என ஒன்றினுள் ஒன்றாகச் சிமிழ்கள். பொற்சிமிழில் பொற்பூக்களோடு மண்ணோட்டுத் துண்டுகள். புத்தரின் பிச்சைப் பாத்திரத்தின் துண்டுகளாக அவற்றைப் போற்றி வைத்திருக்கலாம் என்று இந்திரஜி கருதினார். செம்புச் சிமிழைச் சுற்றி எட்டு வெண்கலப் புத்தர் உருவங்கள் இருந்தன. யக்ஞஸ்ரீயின் வெள்ளி நாணயம் ஒன்றும் கிடைத்தது. அது புழங்கித் தேயாதது. நாணயம் இரண்டாம் நூற்றாண்டுக்குரியது, வெண்கல உருவங்களின் பாணியோ எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுக்குரியது. எனவே ஸ்தூபத்தை இடையில் யாரோ திறந்து, பழைய பேழையைச் சுற்றிப் புதிய உருவங்களை வைத்து மூடியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்தப் பொருள்கள் மும்பை ஏஷியாடிக் சொசைட்டியின் வசம், கோட்டைப் பகுதி டவுன்ஹாலில் உள்ளன. அதே 1882-இல் சோபாராவில் அசோகரின் எட்டாம் பாறைச் சாசனத்தின் உடைந்த துண்டும் கிடைத்தது. ஒன்பதாம் சாசனத்தின் துண்டு 1956-இல் அருகே உள்ள புயிகாவில் கிடைத்தது. கன்ஹேரியில் முதல் உளி படுவதற்கு முன்னரே துறைமுகத்தில் பௌத்தம் ஊன்றியிருந்தது என்பதற்கு இது போதும்.

ஆகவே சோபாராவும் கன்ஹேரியும் இருவேறு சுற்றுலா இடங்கள் அல்ல. ஒன்று மண்ணுக்குள் புதைந்து அகழ்ந்தெடுக்கப்பட்டது, மற்றது பாறையில் குடைந்தது என்பதால் நூல்கள் அவற்றை வெவ்வேறு அதிகாரங்களில் வைக்கின்றன. உண்மையில் பணம் கப்பலிலிருந்து இறங்கியது அங்கே, அது துறவியின் கூரையாக மாறியது இங்கே.

பணம் எப்போது குறைந்தது என்பதையும் கல்லே காட்டுகிறது. 3-ஆம் எண் குடைவான பெரிய சைத்தியக் கூடம் (ஸ்தூபத்தை வழிபடும் கூடம்) யக்ஞஸ்ரீ காலத்தில் கஜசேனன், கஜமித்திரன் என்ற வணிகச் சகோதரர்களால் எடுக்கப்பட்டது. சிதைந்த அதன் கல்வெட்டில் கொடையாளர்களோடு, வேலையை மேற்பார்த்த துறவியும், 'சேலவடகி' என்னும் கைவினைஞரும் குறிக்கப்படுகிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கல்தச்சர். பெயர் பொருத்தமானதுதான், ஏனெனில் உள்ளே அவர்கள் செய்தது மரவேலையைக் கல்லில் செய்தது. வளைந்த கூரையில் உண்மையான மரவிட்டங்களும் பொருத்தியிருந்தார்கள். லோணாவாலாவுக்கு அருகே உள்ள கார்லாக் குடைவில் அவை இன்றும் நிற்கின்றன, இங்கே அவை செருகப்பட்டிருந்த குழிகள் மட்டும் மிச்சம். கூடத்தில் 34 தூண்கள். வாசல் பக்கத்துத் தூண்களில் குடம் போன்ற அடியும், மேலே யானைகளும், ஸ்தூப வழிபாட்டுக் காட்சிகளும் செதுக்கியிருக்கின்றன. உள்ளே போகப்போகச் செதுக்கல் நின்றுவிடுகிறது. எஞ்சியவை வெறும் எண்கோணக் கம்பங்கள். கார்லாவைப் பார்த்து எடுத்த கூடம் இது என்பது பார்த்தவுடனே தெரியும். அந்த அளவுக்கு வரவில்லை என்பதும் தெரியும். கலைவிமர்சகர்கள் இதைக் குறையாக எழுதுகிறார்கள். எனக்கு அந்த மொட்டைத் தூண்கள்தான் இந்தக் கூடத்தின் சிறந்த ஆவணமாகப் படுகின்றன.

அந்தக் கூடத்தின் முன்மண்டபத்தில் இருபுறமும் நிற்கும் ஏறத்தாழ 7 மீட்டர் உயரப் புத்தர்கள் மூன்று நூற்றாண்டு பிந்தியவை. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்ஹேரிக்கு இரண்டாவது வாழ்வு வந்தது. புத்தரை உருவமாக வடிப்பது அதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது. பழைய வெற்றுச் சுவர்களில் உருவங்கள் நிறைந்தன. 41-ஆம் குடைவில் பதினொரு தலைகளோடு நிற்கும் அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவர் இந்தியாவில் வேறெங்கும் கல்லில் காண அரிதான வடிவம். 90-ஆம் குடைவில் உள்ள அவலோகிதேசுவரர், யானையாலும் தீயாலும் கப்பல் ஆபத்தாலும் அஞ்சியவர்களைக் காப்பவர். துறைமுக வணிகர் காசு கொடுத்த மலையில் கப்பல் கவிழ்வதற்கான அச்சமும் செதுக்கப்பட்டிருப்பது தற்செயல் அல்ல. கி.பி. 494-95-இல் சிந்து நாட்டைச் சேர்ந்த புத்தருசி என்பவர் இங்கே ஒரு சைத்தியம் எடுத்ததைக் கூறும் செப்பேட்டை 1839-இல் ஜேம்ஸ் பேர்ட் ஒரு ஸ்தூபத்தைத் திறந்து கண்டெடுத்தார். ஸ்தூபமும் இன்று இல்லை, செப்பேடும் இல்லை. படித்து எழுதியது மட்டும் உண்டு.

மூன்றாவது கட்டம் இராஷ்டிரகூடர் காலத்தில். அமோகவர்ஷனுக்கு அடங்கிக் கொங்கணத்தை ஆண்ட சிலாஹாரர் காலத்துக் கல்வெட்டுகள் 843, 853, 877 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. முதலாவது பழுதுபார்ப்பதற்கும், ஆடைக்கும், நூல்கள் வாங்கவும் பணம் வைத்ததைக் கூறுகிறது. பள்ளியில் நூலகம் இருந்ததற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. இரண்டாவதில் கொடையாளர் வங்காளத்தின் கௌட நாட்டிலிருந்து வந்தவர். கொடுத்தது 100 திரம்மம். கார்ஷாபணம் போய்த் திரம்மம் வந்துவிட்டது. அரசும் மொழியும் மாறிவிட்டன. குறையாத முதல் என்ற ஏற்பாடு மட்டும் ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு கொடைகள் நிற்கின்றன. பள்ளியை யாரும் இடித்ததற்கான அடையாளம் இல்லை; நாகப்பட்டினத்தில் எஞ்சியிருந்த விகாரைக் கோபுரத்தை 1867-இல் இடித்ததைப் போல ஒரு நாளைச் சுட்டிச் சொல்ல முடியாது. கொடுப்பவர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். சிலாஹாரர் 1060-இல் முடித்த அம்பர்நாத் சிவன் கோயில், மத்திய ரயிலில் போகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். 87-ஆம் எண்ணுக்கு அருகே பாறைச் சரிவின் நீண்ட பொதும்பில், இறந்த மூத்த துறவிகளுக்காக எழுப்பிய செங்கல் ஸ்தூபங்களின் அடிப்பகுதிகள் வரிசையாக இருக்கின்றன. சிலவற்றின் கல்வெட்டுகளில் அவர்கள் பெயர்கள் உண்டு. கற்ற கல்வியும் அடைந்த நிலையும் சொல்லப்படுகின்றன. பள்ளிக்குள்ளேயே வாழ்ந்து முதுமையடைந்து இறந்தவர்கள் அவர்கள். மழைக்குத் தங்கப்போனவர்களுக்கு இடுகாடு தேவைப்படாது.

பழங்காலத்தில் கடைசியாக எழுத்து விட்டுச்சென்றவர்கள் பௌத்தர்கள் அல்லர். 90-ஆம் குடைவில் பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்தில் பார்சிகள் தங்கள் பெயர்களையும் வந்த நாளையும் பொறித்திருக்கிறார்கள். தானம் எதுவும் குறிக்கவில்லை, தொட்டியோ வயலோ இல்லை. வந்தோம், பார்த்தோம் என்ற அளவுதான். நாள்களைக் கணக்கிட்டால் 1009-ஆம் ஆண்டு அக்டோபர் 10, அதே ஆண்டு நவம்பர் 24, பின்னர் 1021 அக்டோபர் 30. மூன்று தேதிகளும் மழை நின்று, பாதை காய்ந்து, தொட்டிகள் விளிம்புவரை நிறைந்திருக்கும் வாரங்களில் விழுகின்றன.